நோட்டீசை முழுங்குனது நான் வெச்ச டைமர் இல்லீங்க

இல்லீங்க மாமா, நான் முழுங்கலீங்க. அம்மன் நோம்பித் திருவிழா நோட்டீசை முழுங்கற அளவுக்கு எனக்குப் பசியும் இல்ல, நான் வெச்ச டைமருக்கு வாயும் இல்ல. என்னைய இனி ஆரும் ஊட்டுக்குள்ள சேத்த வேண்டாம்னு ஊர் வாட்ஸ்அப் குழுவுல வாய்ஸ் போட்டீங்க பாருங்க, அதை முழுசாக் கேட்டேன். பின்னால உங்க ஊட்டு மிக்ஸி ஓடறது வரைக்கும் கேட்டேன். நோம்பிக் கமிட்டிக்குச் செக்ரட்டரின்னா ஊருக்குப் பொதுவான ஆளுங்க. பொதுவான ஆளு, படிக்கற புள்ளையோட பொழப்புல மண்ணள்ளிப் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கூப்புட்டுக் கேட்டிருக்கலாம். கேக்கல. அதனால நான் எழுதறேன். பெருசாத்தான் இருக்கும். 'மேலும் படிக்க'ங்கறதை அமுத்திப் படிங்க.

எங்க தொழில்ல, மெசினு சொன்ன நேரத்துக்கு நின்னா அது மெசினோட சமத்து, நிக்கக்கூடாத நேரத்துல நின்னா அது நம்ம குத்தம். ஊடு ஊடாப் போயி கம்ப்யூட்டர் பாக்கற ஆரா இருந்தாலும் இதுக்குத் தலையாட்டுவீங்க. உங்களுக்கும் சேத்துத்தான் இதை எழுதறேன். நீங்க பட்டதை நீங்களும் எழுதுங்க. நாம எழுதலீன்னா வாய்ஸ் போடறவங்க சொல்றதுதான் நிக்கும்.

தெரியாதவங்களுக்குச் சொல்லீறேன். எனக்கு ஊரு எருத்தேன்பதி. பி.சி.ஏ. ரெண்டாம் வருசம் படிக்கறேன். சனி ஞாயிறும், காலேஜ் விட்டு வந்த பொறவும், கோவிந்தாபுரத்துல செல்வண்ணன் கடைக்கு வேலை பாக்கறேன். கோயமுத்தூர்ல ஆபீசுக கழிச்சுக் கட்டற கம்ப்யூட்டரை அவரு வாங்கிட்டு வந்து, தொடச்சு, ரிப்பேர் பாத்து, ஊடுகளுக்கு விக்கறாரு. வித்த எடத்துல கொண்டுபோயி உக்கார வெச்சுக் குடுக்கறது நானு. போற எடத்துலயெல்லாம் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், இது தானா நிக்கோணும். பசங்க எந்திரிக்க மாட்டேங்கறாங்க, பெரியவங்க நிறுத்த மறந்துட்டுத் தூங்கீர்றாங்க, கறண்ட் பில்லு ஏறுது.

அதுக்கு கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு எடம் இருக்குது. எந்தெந்தக் கெழமை, எத்தனை மணின்னு அங்க குடுத்துட்டா, அஞ்சு நிமிசத்துக்கு முன்னால ஒரு எச்சரிக்கை காட்டிட்டு அதுபாட்டுக்கு நின்னுக்கும். அந்த அஞ்சு நிமிசத்துக்குள்ள பாதில இருக்கற வேலையைச் சேவ் பண்ணிக்கோணும், இல்லீன்னா போச்சு. இதை வெச்சுக் குடுக்கறதுக்குச் சித்த நேரம் போதும். மிச்ச நேரமெல்லாம் டீ குடிக்கறதுக்கும், எத்தனை மணிக்கு நிக்கோணும்னு அந்த ஊட்டுல அடிச்சுக்கறதைக் கேக்கறதுக்கும்தான். உள்ளதைச் சொன்னா, எனக்கு அந்த மிச்ச நேரந்தான் ரொம்பப் புடிக்கும். அதைத்தான் மாமா நீங்க புடுங்கப் பாத்தீங்க.

விளக்கு வெக்கற நேரம்

கோவிந்தாபுரத்துல தேங்கா மண்டி வெச்சிருக்கற கந்தசாமி மாமா ஊட்டுக்குப் போயிருந்தேன். மண்டிக் கணக்கை ஊட்டுல முன்ரூம்புல வெச்சுத்தான் போடறாங்க. கணக்குப்புள்ளை ஆறரைக்குக் கெளம்பீருவாரு, அதனால ஆறரைக்கு மெசினு நின்னுரோணும்னு மாமா சொன்னாரு. நான் அடிச்சுட்டு இருக்கறப்பவே சமையக்கட்டுலிருந்து அவரு சம்சாரம் தனக்கா வந்தாங்க. என்ன ஆறரைன்னு கேட்டாங்க. அந்த நேரத்துக்கு இது தானா அணைஞ்சுக்கும்னு பெருமையாச் சொன்னேன். அக்கா மொகம் போன போக்கைப் பாக்கோணுமே. விளக்கு வெக்கற நேரத்துல இந்த ஊட்டுல எதையும் அணைக்கறதில்லைன்னுட்டாங்க.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. விளக்கு வெக்கறது சாமி ரூம்புல, இது இருக்கறது முன்ரூம்புல, ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு செவுரு இருக்குதுன்னு ஆரம்பிச்சேன். அப்புடிப் பாத்தா அந்த நேரத்துல கேஸ் அடுப்பையும் அணைக்கக்கூடாதில்லீங்களான்னும் கேட்டேன். அக்கா அசரல, அந்த நேரத்துல நான் அடுப்பே பத்த வெக்கறதில்லைன்னாங்க. சரி, ஆறே காலுக்கு வெக்கலாம்னா கணக்குப்புள்ளைக்கு வேலை முடியாது. ஏழுக்கு வெக்கலாம்னா ஆளில்லாத ரூம்புல அரை மணி நேரம் எதுக்கு ஓடோணும்னு மாமாவுக்குக் கறண்ட் பில்லு ஞாபகம் வந்துருது. மூணு பேரும் மாத்தி மாத்திச் சொல்ல, நான் மாத்தி மாத்தி அடிச்சுட்டு இருந்தேன். கடைசில ஏழுதான் நின்னுச்சு. என்னைய வாசல் வரைக்கும் கொண்டுவந்து உட்ட தனக்கா, கைல ரெண்டு தேங்காயைக் குடுத்துட்டுச் சொன்னாங்க: "ஊரு பூரா லைட்டுப் போடற நேரத்துல நாம மட்டும் ஒண்ணை அணைச்சுட்டு உக்காந்திருந்தா, இந்த ஊட்டுல ஆளில்லீன்னு லட்சுமி அடுத்த ஊட்டுக்குப் போயிருவா கண்ணு."

மாமனாருக்குப் புடிக்காத எச்சரிக்கை

எங்க ஊர்லயே அங்கன்வாடி டீச்சர் சுமதியக்கா. அவங்க மாமனாருக்கு வள்ளி கும்மி வீடியோன்னா உசுரு. சாயங்காலம் பொழுதோட உக்காந்தா சோத்துக்குக் கூப்புட்டாலும் எந்திரிக்க மாட்டாரு. மருமக எப்புடி மாமனாரை எந்திரிங்கன்னு சொல்றது? மெசினே சொல்லட்டும்னு என்னையக் கூப்புட்டாங்க. நானும் நேரம் வெச்சு, எச்சரிக்கைக்கு ஒரு வரி எழுதுனேன். 'ஐந்து நிமிடத்தில் கணினி அணைக்கப்படும், உடனே சேமிக்கவும்.' நல்ல தமிழ்னு நெனச்சேன்.

அன்னிக்குப் பொழுதோடயே போன் வந்துருச்சு. மாமனார் சோறு வேண்டாம்னு படுத்துட்டாராம். என்ற ஊடு, என்ற நாற்காலி, என்னைய 'உடனே'ன்னு அதிகாரம் பண்றதுக்கு இது ஆருன்னு கேட்டிருக்காரு. அதை எழுத வெச்சதே மருமகதான்னு வேற அவருக்குச் சந்தேகம். அக்கா குரல்ல அழுகையே வந்துருச்சு. மெசினுக்கு மரியாதை தெரியுமாங்க்கா, அவருகிட்ட நான் வந்து பேசறேன்னு வண்டியை எடுத்துட்டுப் போனேன். போயி அவரு மொகத்தைப் பாத்ததும் நாயம் பேசறதை உட்டுட்டேன். உக்காந்து வரியை மாத்துனேன். 'ஐயா, நேரமாச்சுங்க. போயிட்டு வர்றேனுங்க.' அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வேற சோலியாப் போனப்ப நான் என்ற கண்ணால பாத்தேன். திரைல அந்த வரி வந்துச்சு. மனுசன் மேல இருந்த துண்டை எடுத்துச் சரி பண்ணிக்கிட்டு, எந்திரிச்சு நின்னு, ஒறம்பரையை வழியனுப்பற மாதிரி அதைப் பாத்துச் சொன்னாரு: "செரி கண்ணு, போயிட்டு வா. நாளைக்கு நேரத்துலயே வந்துரு."

மோட்டாரும் கம்ப்யூட்டரும் ஒண்ணுதான்

ராசுண்ணன் தோட்டத்துல கெணத்து மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்குது. கறண்ட் வந்தா மோட்டாரு தானா ஓடும். புள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்குனப்ப, ராத்திரி எட்டு மணிக்கு நிக்கறதுக்கு நான் நேரம் வெச்சேன். அதோட, கறண்ட் போயிட்டு வந்தா இதுவும் தானா ஓடோணும்னு புடிவாதம் புடிச்சாரு. வேண்டாங்ணா, இது தென்னைக்குத் தண்ணி பாய்ச்சற சாமான் இல்லீங்கன்னேன். தானா நிக்கத் தெரிஞ்சதுக்குத் தானா ஓடத் தெரியாதான்னு கேட்டாரு. அந்தப் பேச்சு எனக்கு ரோசமாப் போச்சு. தெரியுமுங்கன்னுட்டு அதையும் வெச்சுக் குடுத்துட்டேன்.

ஒரு ஒறம்பரைக் கல்யாணத்துக்கு ஊட்டைப் பூட்டிட்டு எல்லாரும் பொள்ளாச்சி போயிருக்காங்க. எட்டு மணிக்கு மெசினு சமத்தா நின்னிருக்குது. சித்த நேரத்துல கறண்ட் போயிட்டு வந்திருக்குது. வந்ததும் இது தானா எந்திரிச்சுருச்சு. அன்னிக்கு எட்டு மணிதான் முடிஞ்சு போச்சே, இனி மறுநாள் எட்டு மணிக்குத்தான் நிக்கும். மறுநாள் பொழுது உழுகற நேரத்துக்கு இவங்க வந்து எறங்கறாங்க, பூட்டுன ஊட்டுக்குள்ள ஜன்னல்ல வெளிச்சம். பக்கத்துத் தோட்டத்துக்காரரு தடியோட வாசல்ல நிக்கறாரு. நேத்துலிருந்து உள்ள ஆரோ உக்காந்திருக்காங்க, வெளிய வந்தா ஒரே போடா போட்டுரலாம்னு காவலு இருந்திருக்காரு. அடுத்த நாளு ராசுண்ணன் எங்க கடைக்கு வந்தாரு. அந்தத் தானா ஓடறதை எடுத்து உட்ரச் சொல்லிட்டு, எனக்கு டீ சொல்லி, நிதானமாக் கேட்டாரு: "மோட்டாரு தானா ஓடுனாத் தொட்டில தண்ணியாச்சும் நெம்பும். இது தானா ஓடி எதுல என்ன நெம்புது, சொல்லு அம்மிணி?"

சங்கு ஊதறதுக்கு முன்னாடி

என்ற கிளாஸ்ல ஜெயான்னு ஒருத்தி. பீர்மேட்டுப் பக்கம் தேயிலை எஸ்டேட்ல, தொழிலாளிகளுக்கு வரிசையாக் கட்டுன லயத்துல அவங்க ஊடு. லீவுக்குக் கூப்புட்டான்னு பஸ்ஸு மாறி மாறிப் போயி, கடைசியா ஒரு ஜீப்புல நசுங்கிப் போயிச் சேந்தேன். போன எடத்துலயும் என்ற தலைல இதுதான் எழுதியிருக்குது. ஜெயா தம்பிக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வெச்சிருந்தாங்க. அவங்கப்பா தேயிலை ஃபாக்டரில வேலை. சாயங்காலச் சங்கு ஊதுனா இது நிக்கணும், நான் வீட்டுக்கு வரும்போது பய புஸ்தகத்தோட உக்காந்திருக்கணும்னாரு.

சங்கு எத்தனை மணிக்குன்னு கேட்டேன். அந்த ஊட்டுல ஒருத்தருக்கும் தெரியல. ஜெயா ஒரு நேரம் சொன்னா, அவங்கம்மா ஒண்ணு சொன்னாங்க, பக்கத்து லயத்துக்காரங்க வந்து வேறொண்ணு சொன்னாங்க. சங்கு ஊதுனா நேரமாச்சுன்னு அர்த்தம், அதுக்கு மேல நேரம் எதுக்குன்னு என்னையவே கேட்டாங்க. அதுவும் நாயந்தான். அன்னிக்குச் சாயங்காலம் போனைக் கைல வெச்சுக்கிட்டு வாசல்லயே நின்னு, சங்கு ஊதுனதும் மணியைப் பாத்து வெச்சுட்டேன். மறுநாளு கொழுந்து நெறைய வந்துருச்சுன்னு ஃபாக்டரில நேரத்தை நீட்டிட்டாங்க. சங்கு ஊதல. மெசினு மட்டும் நான் வெச்ச நேரத்துக்கு நின்னுருச்சு. தம்பிக்காரன், அப்பா வந்ததும் வராததுமாப் போயி நாயம் கேட்டான். அவரு தலைல கட்டியிருந்த துண்டை அவுத்து ஒதறிக்கிட்டே என்னையப் பாத்துச் சிரிச்சாரு: "சங்கு ஊதுனாத்தான் தாயி இந்த எஸ்டேட்டே நிக்கும். சங்குக்கு முன்னாடி கெளம்புறதுக்கு இது யாரு, மேனேஜரா?"

சண்டைக்காரி

நான் சண்டைக்காரிங்கறது ஊருக்கே தெரியும், அதை நான் மறைக்கல. ஒரு ரிட்டயர்டு வாத்தியார் ஊட்டுல, பொம்பளப்புள்ளைக்கு ஒயரைப் பத்தி என்ன தெரியும், ஆம்பளையை அனுப்பச் சொல்லுன்னு என்ற முன்னாடியே கடைக்குப் போன் பண்ணாரு. நான் போட்டது பூராத்தையும் கழட்டி மேசைமேல வெச்சுட்டு, உங்க ஆம்பளை வந்து மாட்டட்டுமுங்க, நான் உக்காந்து பாக்கறேன்னு சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். கடைல ஆம்பளைன்னு இருக்கறது செல்வண்ணன் மட்டுந்தான். அவருக்கு விக்கத் தெரியும், வெட்டுன ஒயரை ஒட்டத் தெரியும், நேரம் வெக்கற வேலை மட்டும் தெரியாது. அதை அவரே போன்ல வாத்தியார்கிட்டச் சொல்லிட்டாரு. அரை மணி நேரம் வாத்தியார் ஒயரைப் பாத்துக்கிட்டு, நான் வாத்தியாரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். பொறவு வாத்தியாரம்மா வந்து ரெண்டு பேருக்கும் காப்பி வெச்சாங்க. நான் மாட்டிக் குடுத்துட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அதே வாத்தியார் கடைக்குப் போன் பண்ணி, அந்தப் புள்ளையைத்தான் அனுப்போணும்னு கேட்டிருக்காரு. அதைச் சொல்றப்ப, இனிமேலாச்சும் வாயைக் கொறைன்னு செல்வண்ணன் சொல்லுவாருன்னு எதிர்பாத்தேன். அவரு ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கிட்டே சொன்னாரு: "நீ சண்டை போட்டுட்டு வர்ற ஊட்டுலிருந்துதான் அம்மிணி மறுபடியும் போன் வருது. கம்முனு வேலை பாத்துட்டு வர்ற ஊட்டுல உன்ற பேரு கூடத் தெரியறதில்ல."

எல்லாருக்கும் தெரிஞ்ச இருபது நிமிசம்

அந்தப் போனுதான் மாமா நீங்க வாய்ஸ் போட்ட அன்னியோட நின்னு போச்சு. இப்ப உங்க ஊட்டு நாயத்துக்கு வர்றேன். உங்களுக்குத் தெரிஞ்சதுதான், மத்தவங்களுக்காகச் சொல்றேன். செக்ரட்டரி மாமா ஊட்டுல பையன் பிளஸ் டூ. ஏழரைக்கு மெசினு நிக்கோணும், அவன் படிக்க உக்காரோணும்னு மாமாவே கூப்புட்டாரு. நான் வெச்சேன். மாசக்கணக்குல ஒரு கொறையும் இல்லாம நின்னுட்டு இருந்துச்சு. பொறவு கோயில்ல நாள் குறிச்சு நோம்பி சாட்டுனாங்க. நோட்டீசுல பங்கு குடுக்கற ஒவ்வொரு ஊட்டுப் பேரும் வரோணும். மாமா நாள் பூரா உக்காந்து அவரே அடிச்சாரு. எட்டு மணிக்குள்ள பொள்ளாச்சில பிரஸ்ஸுக்கு அனுப்பியாகோணும். கடைசிப் பேருகளை அடிக்கறப்ப மெசினு நின்னுருச்சு. திரும்பப் போட்டா, அந்தப் பேருகளை அடிக்கறதுக்கு முன்னாடி சேவ் பண்ணுனதுதான் இருக்குது. பேரு உட்டுப் போனது தெரியாம, அவசரத்துல பையன் அதையே அனுப்பீட்டான். நோட்டீசு அச்சடிச்சு வந்து பாத்தா, மாமாவோட பங்காளிக மூணு ஊட்டுப் பேரு இல்ல. அவங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. அப்பத்தான் மாமா வாய்ஸ் போட்டாரு.

எங்கம்மா என்னைய ஊடு ஊடாப் போக உட்டதே ஒரு பேச்சு மேலதான். ஒரு ஊட்டுலிருந்து கொறை வந்தாலும் நிறுத்தீரோணும். வாய்ஸ் வந்த பொழுதோடயே வண்டிச் சாவி அம்மா இடுப்புக்குப் போயிருச்சு. நான் கெஞ்சி, ஒரே ஒரு தடவைன்னு வாங்கிட்டு, நேரா மாமா ஊட்டுக்குத்தான் போனேன். அவரு கோயிலுக்குப் போயிட்டாரு. அவரு சம்சாரம் மணியக்கா, கோவமே இல்லாம, உள்ள வா கண்ணுன்னு கூப்புட்டு மோர் குடுத்தாங்க. மெசினைப் போட்டேன். நான் வெச்ச நேரம் ஏழரை, அப்புடியே இருக்குது. எச்சரிக்கையும் இருக்குது. எல்லாம் சரியா இருக்குதுன்னு மூலைல மணியைப் பாத்தேன். என்ற போனைப் பாத்தேன். மறுபடியும் மூலையைப் பாத்தேன். கம்ப்யூட்டரு இருபது நிமிசம் முன்னால ஓடுது. தானா நேரம் பாத்துக்கறதை ஆரோ நிறுத்திட்டு, கையால மணியை மாத்தி வெச்சிருக்காங்க.

தலையைத் தூக்குனா, செவுத்துக் கடியாரமும் அதே இருபது நிமிசம் முன்னால. பஸ்ஸுக்காகத்தான். இது எங்க ஊட்டுலயும் உண்டு, எங்க பக்கத்துல அநேகமா எல்லா ஊட்டுலயும் உண்டு. வெடியால எந்திரிச்சுப் பக்கத்துச் சித்தூருக்குப் போற பஸ்ஸை உட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது, அதனால கடியாரத்தை முன்னால தள்ளி வெக்கறது. தள்ளி வெச்சது எல்லாருக்கும் தெரியும். அதனால பாக்கறப்பவே மனசுக்குள்ள இருபது நிமிசத்தைக் கழிச்சுக்குவாங்க. கழிச்சுட்டு, இன்னும் நேரம் கெடக்குதுன்னு நிதானமாக் குளிக்கப் போவாங்க. நோட்டீசு அடிக்க உக்காந்த அன்னிக்கு வெடியால, கம்ப்யூட்டர் மட்டும் ஊட்டுக் கடியாரத்தோட ஒத்துப் போகாம இருக்கறதை மாமா பாத்திருக்காரு. மெசினு லேட்டா ஓடுதுன்னு சரி பண்ணியிருக்காரு.

பொழுதோட எச்சரிக்கை வந்திருக்குது. மணியைப் பாத்திருக்காரு, ஏழு இருபத்தஞ்சு. வழக்கம் போல இருபதைக் கழிச்சிருக்காரு. ஏழு அஞ்சுதான் ஆகுது, ஏழரைக்கு இன்னும் எத்தனையோ நேரம் இருக்குது, இந்தப் புள்ளை வெச்சது தப்புத் தப்பாக் காட்டுதுன்னு எச்சரிக்கையை மூடிட்டாரு. மெசினுக்குக் கழிக்கத் தெரியாதுங்களே. அதோட ஏழரைக்கு அது நின்னுருச்சு. இதை நான் மணியக்காகிட்ட வெவரமாச் சொன்னேன். அவங்க பொறுமையாக் கேட்டுட்டு, ஆமா அன்னிக்கு மாத்துனாரு, நான்தான் ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்னு சொன்னேன்னாங்க. இதை எழுதிக்கட்டுங்களாக்கான்னேன். உள்ளதுதானே, எழுதிக்கன்னுட்டாங்க. மோர் டம்ளரை எடுத்துட்டு உள்ள போகறப்பத் திரும்பி நின்னு ஒண்ணு கேட்டாங்க: "இந்தக் கடியாரம் இருபது நிமிசம் முன்னால ஓடறது எங்க ஊட்டுக்கு வர்ற பால்காரனுக்குக் கூடத் தெரியும். இத்தனை படிச்ச மெசினுக்குத் தெரியாதா கண்ணு?"

அம்மா குடுக்காத சாவி

ஊட்டுக்குப் பறந்து வந்து, சொன்ன சொல்லுக்குச் சாவியைத் திருப்பிக் குடுத்தேன். அம்மா அவரைக்கா நறுக்கிட்டு இருந்தாங்க. உக்காந்து, கடியாரம், பஸ்ஸு, கழிச்ச இருபது நிமிசம் எல்லாத்தையும் சொன்னேன். அம்மா கத்தியைக் கீழ வெச்சுட்டுச் சிரிச்சாங்க. எங்க ஊட்டுக் கடியாரத்தை ஒரு பார்வை பாத்துட்டு மறுபடியும் சிரிச்சாங்க. சரி, வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சு, நாளைக்குக் கடைக்குப் போகறேம்மான்னேன். சாவிக்குக் கையை நீட்டுனேன். சாவி வரல.

மணியக்காவே ஒத்துக்கிட்டாங்களேம்மான்னேன். மாமாகிட்டயும் சொல்லியிருப்பாங்கன்னேன். சொல்லியும் இருக்காங்க, எனக்குத் தெரியும். அடுத்த நாளு வழில பாத்தப்ப மாமா சிரிச்சாரு, காலேஜ் எப்புடிப் போகுதுன்னு கூடக் கேட்டாரு. குழுவுல மட்டும் வெடியால வணக்கம் வருது, கம்பம் நட்ட போட்டோ வருது, பூச்சாட்டு வீடியோ வருது, இதைப் பத்தி ஒரு எழுத்து வரல. பங்காளிக மூணு பேரும் இன்னும் என்னையத்தான் முறைக்கறாங்க. வேற ஒரு நோட்டீசு அடிச்சுக் குடுத்தும் முறைக்கறாங்க. இன்னொரு நாளு அம்மா மறுபடியும் அவரைக்கா நறுக்கறப்ப, இதையெல்லாம் அவங்ககிட்டச் சொல்லி, உனக்கு நெசம் தெரிஞ்சுருச்சில்ல, அப்பறம் என்னன்னு கத்துனேன். அம்மா என்ற அளவுக்குக் கத்தல. அவரைக்காயை எடுத்துக்கிட்டு எந்திரிக்கறப்பச் சொன்னாங்க: "அவரு ஊரே கேக்கச் சொன்னாரு. அதுக்கு என்ற காதுல வந்து பதில் சொன்னா ஆச்சா? அவரு வாயால அங்கயே வரட்டும், சாவி தர்றேன்."

எத்தனை மணிக்கு நிக்கோணும்னு ஒரு கம்ப்யூட்டருக்குச் சொல்ல அஞ்சு நிமிசம் போதும், இப்ப மணி எத்தனைன்னு ஒரு ஊட்டை ஒத்துக்க வெக்கறதுக்குத்தான் ஒரு பொறப்பு பத்தாது போல இருக்குது.

செக்ரட்டரி மாமா, வழில சிரிச்சதெல்லாம் வேண்டாமுங்க. காலேஜைப் பத்தி அப்பறம் பேசிக்கலாம். தேரு சுத்தி வர்றதுக்குள்ள, இதே குழுவுல, எல்லாரும் கேக்கற மாதிரி, அதே மாதிரி ஒரு வாய்ஸ் போட்டுச் சொல்லுங்க. அன்னிக்கு வெடியால அந்தக் கம்ப்யூட்டர்ல மணியை மாத்துனது ஆருங்க?